பிரேடிக்குத் தரப்படாத வாதம்

ஜெரோம் லாரன்ஸும் ராபர்ட் ஈ. லீயும் எழுதி 1955இல் மேடையேறிய 'இன்ஹெரிட் தி விண்ட்' வரலாற்றைத் திரிக்கிறது என்பது பழைய புகார். டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில் 1925 ஜூலையில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கே நாடகத்தின் மூலம். நாடகத்தில் ஆசிரியர் கேட்ஸ் சிறையில் வாடுகிறார். அவருடைய அசலான ஸ்கோப்ஸோ சிறைக்கே போனதில்லை. பரிணாமம் கற்பிப்பதைத் தடுத்த பட்லர் சட்டத்தைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கக் குடியியல் உரிமைகள் சங்கம் ஓர் ஆசிரியரைத் தேடியது. ஊருக்கு நாலு பேர் வந்துபோகட்டும் என்று டேட்டன் பிரமுகர்கள் மருந்துக்கடையில் கூடிப் பேசி ஸ்கோப்ஸைச் சம்மதிக்க வைத்தார்கள். ஆனால் இது வரலாறு அல்ல என்று நாடகாசிரியர்களே முன்னுரையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் குறிவைத்தது கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்து அச்சத்தை. எனவே அந்தப் புகாரில் வலு இல்லை.

என் குறை வேறு. நாடகம், ஆசிரியருக்கு எதிராக வாதாடும் பிரேடியின் வாயிலிருந்து அவருடைய மிக வலுவான வாதத்தை எடுத்துவிடுகிறது.

பிரேடியின் அசல், வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றவர். பெண்களின் வாக்குரிமைக்காகவும் வருமான வரிக்காகவும் குரல் கொடுத்தவர். வரி கட்டி ஆசிரியருக்குச் சம்பளம் தரும் மக்களே பள்ளியில் எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்றார். இது மூடநம்பிக்கையின் குரல் அன்று, பெரும்பான்மை ஆட்சியின் குரல். மேடையில் நாம் பார்ப்பதோ பெருந்தீனிக்காரரான, கைதட்டலுக்கு ஏங்கும் ஒருவரை. மெக்கார்த்தியியத்தைச் சாட ஒரு வெறிக்கூட்டம் தேவைப்பட்டது. கூட்டத்துக்கு வாதம் எதற்கு?

நாடகத்தின் உச்சம் குறுக்கு விசாரணை. அசல் வழக்கில், 1925 ஜூலை 20 அன்று, நீதிமன்றத்துக்கு வெளியே புல்வெளியில், ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் டாரோவின் கேள்விகளுக்குச் சாட்சியாக நின்ற பிரையன் மடங்கினார். படைப்பின் நாள்கள் 24 மணி நேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஜூரிகள் அதைக் கேட்கவில்லை. மறுநாள் நீதிபதி ரால்ஸ்டன் அந்தச் சாட்சியத்தைப் பதிவிலிருந்தே நீக்கினார். சட்டத்தின் கணக்கில் அது நடக்கவே இல்லை!

அறிவியலும் மேடையில் பேசவில்லை. நாடகத்தில் அறிஞர்களின் சாட்சியம் மறுக்கப்பட, டாரோவின் மேடை வடிவமான டிரம்மண்ட் சிந்திக்கும் உரிமையைப் பிடித்துக்கொள்கிறார். உயர்ந்த வாதம்தான். ஆனால் வகுப்பில் இருந்த ஹன்டரின் 'சிவிக் பயாலஜி' மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்தது. இனமேம்பாட்டுக் கொள்கையையும் போதித்தது. நாடகம் அந்தப் பக்கங்களைத் திறக்கவே இல்லை. பிரையன் ஆற்ற முடியாமல் போன இறுதியுரை, வலுவற்றோரைச் சுமையாகப் பார்க்கும் போக்கைக் கண்டித்தது. அந்தக் கவலை நியாயமானது. அதனால் பரிணாமம் பொய்யாகிவிடாது. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிச்சல் நாடகத்துக்கு இல்லை.

பிரையனின் பெரும்பான்மை வாதத்துக்குச் சட்டம் பதில் சொல்லக் காலம் பிடித்தது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரியே விதிக்க வேண்டும், இங்கோ 100 டாலரை நீதிபதி விதித்துவிட்டார் என்ற காரணத்துக்காகவே 1927இல் டென்னசி உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது, சட்டத்தை விட்டுவைத்தது. அது 1967 வரை நீடித்தது. 1968இல் அர்கன்சாஸின் இதேபோன்ற சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாடத்திட்டத்தை வகுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஒரு மதக் கோட்பாட்டுக்கு ஏற்ப அதை வெட்டித் தைக்க உரிமை இல்லை என்றது. டிரம்மண்டிடம் யாரும் கேட்காத கேள்விக்கான விடை அது.