பாரதம் கேட்ட ஊர்கள்

பாரதம் தமிழ்நாட்டில் ஏட்டளவில் நின்ற நூலன்று. ஊர்க்கோயிலில் கூடியிருந்து கேட்கப்பெற்ற நூல். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, காஞ்சிக்கு அருகிலுள்ள அவ்வூர்க் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கெனத் தனிப்பங்கு ஒன்றை ஒதுக்குகிறது. தண்ணீரும் தீயும் இடுவோருக்குப் பங்கு வைத்த ஆவணமே நூல் வாசிப்பவருக்கும் வைத்தது. இதனைப் புலவர் பெருமக்கள் சற்று நினைந்து மகிழலாம்.

இம்மரபு இன்று பெரிதும் வாழ்வது வடதமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில்களிலேதான். செஞ்சியும் அதனையடுத்த மேலச்சேரியும் இவ்வழிபாட்டின் தலைநிலங்களாகக் கருதப்பெறுகின்றன. திருவிழா நாள்களில் பிற்பகல் தோறும் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடலை இசையோடு கூறிப் பொருள் விரிப்பார். அக்கதையே இரவில் தெருக்கூத்தாகும். எழுத்தறியாதவரும் விருத்தத்தின் ஓசையை இவ்வாறு செவிவழிப் பெற்றனர். வில்லிபுத்தூரார்க்கு இத்துணை நீண்ட வாழ்வைத் தந்தவை பதிப்புகளினும் இக்கோயில் திடல்களே எனல் மிகையன்று.

அருச்சுனன் தபசன்று நடப்பெறும் நெடுமரத்தின் அடியில் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி அமர்ந்திருப்பர். மேலிருந்து வீழும் எலுமிச்சங்கனி அவர்க்குப் பிரசாதம். படுகளத்தன்று மண்ணால் பிடித்த துரியோதனன் உருவம் ஊர்வெளியில் நெடிது கிடக்கும். வீமன் அதன் தொடையைப் பிளக்க, பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். வீழ்ந்தவன் பகைவனேயாயினும் அவனுக்கும் ஒப்பாரி உண்டு. பகைவனையும் அழுது அனுப்பும் இப்பண்பு காப்பியத்திற்கு ஊர் எழுதிய உரை. அன்று மாலையே தீமிதி.

எனினும், இக்கதையைக் கேட்க எல்லார்க்கும் ஒரே இடம் வாய்த்ததில்லை. அவை நடுவே மானங்காக்க நீதி கேட்டவளின் சன்னிதிக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழையக்கூடாதென ஊரார் தடுத்த முரணைப் போற்றியுரைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் கோயிற் கதவுகளை எல்லார்க்கும் திறந்தது, வழக்கம் திறக்கவில்லை. விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், தருமராசா திரௌபதியம்மன் கோயிலுள் பட்டியலின மக்கள் சென்றதால் எழுந்த பூசல் முற்றி, 2023 சூன் மாதத்தில் அதிகாரிகள் கோயிலுக்கு முத்திரையிட்டனர். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி பூசைக்காக மட்டும் நடை திறந்தது. அம்மக்கள் காவலர் துணையோடு உள்ளே சென்று அம்மனைத் தொழுதது 2025 ஏப்ரலில்.