நெஞ்சுக்குள் ஒரு நீர்க்கட்டி

ஊட்டி என்றதும் தேயிலையும் மலை ரயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மலைக்கென்றே ஒரு செம்மறி ஆட்டினமும் உண்டு. அதன் பெயர் நீலகிரி ஆடு. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய வெளிநாட்டு ஆடுகள் கலந்து உருவான கம்பளி இனம் இது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் இதற்காக ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

மெரினோ ஆடு வந்த அந்த டாஸ்மேனியா தீவு ஒரு காலத்தில் ஒரு நோயால் மிகவும் அவதிப்பட்டது. நாயும் ஆடும் மனிதனும் சேர்ந்து வாழும் எந்த ஊரிலும் வரக்கூடிய நோய் அது. ஹைடாடிட் நீர்க்கட்டி என்று பெயர்.

நோய் வரும் வழி

இதற்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு. சில மில்லிமீட்டர் நீளம்தான்! நாயின் குடலில் வாழும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் விழும். மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போய், ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டியாக வளரும். ஆட்டை அறுத்தவர் அந்த ஈரலை நாய்க்கு வீசினால் சக்கரம் மறுபடி சுற்றும். நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடுபவருக்கும் அதே முட்டை போய்ச் சேரும். மனிதரில் பெரும்பாலும் ஈரலில்தான் கட்டி வரும். அதற்கு அடுத்தபடி நுரையீரல்.

நெஞ்சில் உள்ள கட்டி பல வருடங்கள் சத்தமில்லாமல் வளரும். திடீரென உடைந்தால் உப்புக் கரிக்கும் நீரும் திராட்சைத் தோல் போன்ற சவ்வும் இருமலில் வெளிவரும்.

சிகிச்சையின் கதை

நீர் நிறைந்த ஈரலைப் பற்றி கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 1782-இல் ஜெர்மானியரான கோட்ஸே அந்தக் கட்டிக்குள் நாடாப்புழுவின் தலைகளைக் கண்டார். 1850-களில் சீபோல்ட் ஆட்டின் கட்டியை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் குடலில் புழு வளர்வதை நிரூபித்தார். 1895-இல் எக்ஸ்ரே வந்த பிறகு நெஞ்சுக்குள் இருக்கும் உருண்டையைப் பார்க்கவும் முடிந்தது.

ஆனால் அதை எடுப்பது எப்படி? ஊசி குத்தி நீரை எடுத்தால் கசிந்த நீர் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிரையே பறிக்கலாம். சிந்திய இடத்தில் புதுக் கட்டிகளும் முளைக்கும். 1940-களின் கடைசியில் லண்டன் மருத்துவர் நார்மன் பாரெட் ஒரு வழி சொன்னார். கட்டிக்கு மேலுள்ள நுரையீரலை மெல்லக் கீறிவிட்டு, மயக்க மருத்துவர் காற்றை ஊத வேண்டும். விரியும் நுரையீரலே கட்டியை உடையாமல் வெளியே தள்ளிவிடும்!

அதே காலத்தில், 1949-இல், வேலூர் சி.எம்.சி.யில் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் இந்தியாவின் முதல் நெஞ்சு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். பின்னர் மெபெண்டசோல், ஆல்பெண்டசோல் மாத்திரைகள் வந்தன. இன்றும் நுரையீரலில் உள்ள பெரிய கட்டிக்கு அறுவைச் சிகிச்சையே முக்கிய வழி.

கத்தி இல்லாத வழி

டாஸ்மேனியா என்ன செய்தது? 1960-களில் ஒரு பெரிய இயக்கம் தொடங்கியது. பச்சை ஈரலையும் குடலையும் நாய்க்குப் போடக் கூடாது என்றார்கள். நாய்களுக்குப் பேதி மருந்து கொடுத்துப் புழு இருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்தப் பேதி மருந்து அரிகோலின். நம் வெற்றிலைப் பாக்கில் இருக்கும் அதே பொருள்! 1996-இல் நோய் ஒழிந்துவிட்டதாகத் தற்காலிகமாக அறிவிக்கப்பட்டது.

நீலகிரிக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. நாய்க்கடியால் வரும் வெறிநோய்க்காக 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. வெறிநோய்க்குத் தடுப்பூசி உண்டு. நீர்க்கட்டிக்கு மனிதருக்கான தடுப்பூசி கிடையாது. வளர்ப்பு நாய்க்கு முறையாகப் புழு மருந்து, ஆடு அறுக்குமிடத்துக் கழிவை ஆழப் புதைப்பது, சாப்பிடும் முன் கை கழுவுவது, இவைதான் தடுப்பு. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு நெஞ்சு ஆபரேஷன் செலவில் சிறு பங்குகூட இல்லை.