கரிசல் சேறும் நாலு சக்கர ஜீப்பும்



மழை பெய்தால் நம் ஏழாயிரம்பண்ணைக் கரிசல் பாதையில் மாட்டுவண்டியே அச்சு வரை இறங்கிவிடும். அங்கே எடுபட்டது ஜீப்தான். உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி செய்த வண்டி. பிறகு உதிரிகளை இறக்கி மும்பையில் பூட்டியது மஹிந்திரா. (1945-ல் அது 'மஹிந்திரா அண்ட் முகமது'. பங்காளி குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் பெயர் மாறியது.)

எங்கள் பெரியப்பாவிடமும் பழைய ஜீப் ஒன்று இருந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரமும் இழுக்கும். சேறு தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடும். சேற்றில் அது வழுக்கிச் சரியாகிவிடும், தார் ரோட்டில் முறுக்கு ஏறி கிராஸ் முறியும். நாலும் இழுத்தால் நல்லதுதானே என்று பெரியப்பா கோவில்பட்டி வரை அப்படியே ஓட்டுவார்.

ஓர் ஐப்பசியில் முன் ராடு கழற்றித் திண்ணையில் கிடந்தது. அன்றைக்கென்று அத்தைக்கு வலி கண்டது. ஓடைப் பக்கம் பின்சக்கரம் புதைந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த பெண்கள்தான் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். சாத்தூர் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

அன்றிரவு பிறந்தவன் இந்தப் பதிவையும் படிப்பான். பெயர் சொல்ல மாட்டேன்.