ஒரு வளைகோட்டுக்கு ஆயிரத்து நூறு வருடங்கள்



சில வருடங்களுக்கு முன் நடந்த விடயம். சாதாரண தரத்தில் என்னிடம் கணிதம் படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை ஒருவர், உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதத்தில் கொப்பியோடு வீட்டுக்கு வந்தார். "ஸேர், சைன் 210 பாகை மறை அரை என்று இருக்கு. முக்கோணியில 210 பாகை எப்படி வரும்? பக்கம் எப்படி மறையாகும்?"

எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "வரைபைப் பாடமாக்குங்க, போகப் போக விளங்கும்" என்று அனுப்பிவிட்டேன். விளங்கவில்லை. அடுத்த தவணையில் அவர் பிரிவை மாற்றிக்கொண்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பதிலைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, அது வரலாற்றில் இருக்கிறது என்று.

சைன் பிறந்தது முக்கோணியில் அல்ல, வட்டத்தில். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொலமி, கோள்களின் இடத்தைக் கணிக்க வட்டத்தின் நாண்களுக்கு அட்டவணை போட்டார். கி.பி. 499இல் இந்தியாவில் ஆரியபட்டர் முழு நாணுக்குப் பதிலாக அரை நாணை எடுத்து 24 பெறுமானங்கள் தந்தார். அவர் சொன்ன "ஜ்யா" என்பதற்கு வில்லின் நாண் என்று பொருள். தமிழிலும் வட்டத்தின் பகுதியை வில் என்றும் அதன் இரு முனையை இணைக்கும் கோட்டை நாண் என்றும்தானே படிப்பிக்கிறோம்!

அந்தச் சொல் "ஜீவா" என்ற வடிவில் அரபுக்குப் போய் "ஜீப" ஆனது. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதால் பின்னர் "ஜைப்" என்று வாசிக்கப்பட்டது. அதன் பொருள் சட்டையின் மடிப்பு, பை. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு மாற்றியவர்கள் அதே பொருளில் "சைனஸ்" என்று எழுதினார்கள். இன்றைய சைன் அதுதான்.

தான்சனின் கதை நிழலின் கதை. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹபஷ் அல்ஹாஸிப் நிழல் அட்டவணை தயாரித்தார். பின்னர் அல்பிரூனி நிழல்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் தொழுகை நேரங்களும் வருகின்றன. ஏப்ரலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாளில் நண்பகல் நிழல் இருக்காது. அன்று ஒரு குச்சியின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் நேரம் தொடங்குகிறது. சூரியன் உச்சியிலிருந்து 45 பாகை சாய்ந்திருக்கும். தான்சன் 45 பாகை ஒன்று. 90 பாகை சாய்ந்தால் சூரியன் அடிவானத்தில். நிழலுக்கு முடிவே இல்லை. தான்சன் வரைபு 90இல் ஏன் அறுந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

"எல்லாம் நம்மவர் கண்டுபிடித்தது" என்று பதிவு போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிரேக்கரிடமும் இந்தியரிடமும் கற்று, திருத்தி, வளர்த்து, அடுத்தவருக்குக் கொடுத்தார்கள் நம் முன்னோர். கற்றுக்கொள்ளத் தயங்காததுதான் அவர்களுடைய பெருமை.

இத்தனை அட்டவணைகள் இருந்தும், அந்த அலை வடிவ வரைபு வர 1630கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சில் ரோபர்வால், உருளும் சக்கரத்தின் பாதையை ஆராயும்போது அந்த வளைகோட்டை வரைந்தார். 1748இல் ஒய்லரின் நூல் சைனை ஒரு சார்பாக எடுத்து விளக்கியது. ஆரியபட்டரிலிருந்து ரோபர்வால் வரை ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல். அதை நாம் இரண்டு பாடவேளையில் பிள்ளையின் தலையில் ஏற்றப் பார்க்கிறோம். விளங்காவிட்டால் "உனக்குக் கணிதம் வராது" என்கிறோம்.

இப்போது நான் செய்வது இதுதான். ஓர் அலகு ஆரையில் வட்டம் வரையச் சொல்வேன். வலப்பக்கத்திலிருந்து 30 பாகைக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் மையத்தின் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும்: 0, 0.5, 0.87, 1, பிறகு 0.87, 0.5, 0. அடுத்தது 210 பாகை. புள்ளி மையத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆகவே மறை 0.5. அளந்ததைப் பக்கத்தில் வரிசையாகக் குறித்து இணைத்தால் அலை தானாக வரும். 360க்குப் பின் மீண்டும் அதே சுற்று, அதே அலை. முக்கோணி இந்த வட்டத்தின் முதற் காற்பகுதி மட்டுமே. பாடமாக்க எதுவும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு அன்று ஒரு கவராயமும் அரை மணி நேரமும் போதுமாக இருந்திருக்கும். அதை நான் கொடுக்கவில்லை. அவர் இதை வாசித்தால், கேள்வி சரியானது, பதில் சொல்ல வேண்டியவன்தான் தயாராக இருக்கவில்லை என்பதை அறிந்துகொள்ளட்டும்.

பெற்றோரே, பிள்ளை "விளங்கவில்லை" என்றால் ஏசாதீர்கள். ஆசிரிய நண்பர்களே, நீங்கள் இதை எப்படிப் படிப்பிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.