சூசன்னா வெஸ்லி: ஒரு தாயின் வியாழக்கிழமை மாலைகள்



ஆன்மிக மாற்றம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது காடு, குகை, மடம்... எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்களின் கதைகள்தான். ஆனால் விட்டுவிட்டுப் போக முடியாதவர்கள்? இடுப்பில் ஒரு குழந்தை, அடுப்பில் உலை, வாசலில் கடன்காரன் என்று இருக்கும் ஒரு தாய்க்கு உள்ளத்தில் மாற்றம் எப்போது, எங்கே நடக்கும்? 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் இதற்குப் பதில் இருக்கிறது.

அவர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவப் பாடல்களை எழுதிய சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய்.

1669-ல் லண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் அன்னஸ்லி, இங்கிலாந்து திருச்சபையை விட்டு விலகி நின்ற போதகர். மகளோ 13 வயது நிறையும் முன்பே இரு தரப்பு வாதங்களையும் தானே யோசித்துப் பார்த்து, அதே திருச்சபைக்குத் திரும்பிவிட்டார்! 1688-ல் சாமுவேல் வெஸ்லி என்ற குருவானவரை மணந்தார். லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற சிற்றூரில் குடித்தனம். மொத்தம் 19 பிள்ளைகள். அவர்களில் 9 பேர் குழந்தையாகவே இறந்துபோனார்கள்.

வறுமை வேறு. 1705-ல் 30 பவுனுக்கும் குறைவான ஒரு கடனுக்காகக் கணவர் லிங்கன் சிறையில் அடைக்கப்பட்டார். 'உணவுக்கே இல்லாத நிலை வந்ததுண்டா?' என்று பேராயர் கேட்டபோது சூசன்னா சொன்ன பதிலின் சாரம் இது: ரொட்டி இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் அதை வாங்குவதற்கு முன்பும், வாங்கிய பிறகு கடனைக் கட்டுவதற்கும் பட்ட பாட்டில் அதன் ருசியே போய்விட்டது. வணிகவியல் படிக்கும் எனக்குக் கடன் என்பது ஏட்டில் ஒரு வரி. அந்த வீட்டில் அது சாப்பாட்டின் ருசி!

1709 பிப்ரவரியில் வீடு தீப்பிடித்து எரிந்தது. ஆறு வயதுகூட ஆகாத ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக மீட்டார்கள். புது வீடு கட்டும்வரை பிள்ளைகள் பல வீடுகளில் சிதறி வளர்ந்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களுடைய பேச்சும் நடத்தையும் மாறியிருந்தன. தாய்க்கு அது பெரிய கவலை.

இந்த இடத்தில்தான் நம் ஊர் வருகிறது. ஆம், தரங்கம்பாடி! 1706-ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ ஆகிய மிஷனரிகளின் கடிதங்கள் 1709-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. கணவர் லண்டன் போயிருந்த சமயம், மூத்த மகள் எமிலி அந்தப் புத்தகத்தை அப்பாவின் அறையில் கண்டெடுத்தாள். அதைப் படித்த சூசன்னாவின் மனம் உருகிவிட்டது. தான் ஓர் ஆணும் அல்ல, குருவும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று தோன்றியதாக 1712-ல் கணவருக்கு எழுதினார்.

கடல் கடந்து போக அவரால் முடியாது. அதனால் வீட்டிலேயே தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையுடன் தனியாக உட்கார்ந்து பேசுவது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும்.

ஞாயிறு மாலைகளில் சமையலறையில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் பிரசங்கங்களை வாசித்துக் காட்டினார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் 200 பேரைத் தாண்டியது. உதவிக் குருவுக்குப் பொறுக்கவில்லை. லண்டனுக்குப் புகார் போனது. ஒரு பெண் இப்படிச் செய்யலாமா என்று கணவரும் தயங்கினார். சூசன்னாவின் பதில் பணிவானது, ஆனால் உறுதியானது. 'நிறுத்த விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள், நேரடியாகக் கட்டளையிடுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என்மேல் வராது' என்பதே அதன் பொருள். கட்டளை வரவில்லை.

அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு: ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று. அந்தக் கதையைவிட அவருடைய நாட்குறிப்புகள் உறுதியான சான்று. காலை, நண்பகல், மாலை என்று நேரம் ஒதுக்கித் தன் மனதைத் தானே விசாரித்து எழுதியிருக்கிறார்.

அவர் செய்த எல்லாவற்றையும் நாம் ஏற்க முடியாது. குழந்தையின் பிடிவாதத்தை முதலில் அடக்க வேண்டும் என்றார். பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கினார். இன்று இது நமக்கு நெருடுகிறது. ஆனால் அதே தாய்தான், செய்த தவற்றை ஒப்புக்கொண்ட பிள்ளையை அடிக்கக்கூடாது என்றும், நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண் குழந்தையையும் தையல் வேலைக்கு உட்கார வைக்கக்கூடாது என்றும் விதி வைத்தார். அந்தக் காலத்தில்!

1739-ல், 70 வயதில், நற்கருணைப் பாத்திரத்தைப் பெற்றபோது தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயம் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்ததாக மகன் ஜானிடம் சொன்னார். 1742-ல் இறந்தார். அவருடைய கல்லறைக்குச் சார்லஸ் எழுதிய வரிகள், அந்த நிச்சயத்துக்கு முந்தைய 70 ஆண்டுகளையும் இருளாகவே கணக்கிடுகின்றன.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த ஒரு நிமிடம் அவருக்கு உண்மையானதுதான். ஆனால் கடனும் மரணமும் நெருப்பும் சூழ்ந்திருந்த வீட்டில், தினமும் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச உட்கார்ந்தாரே, அந்த மாலைகள் இருளா? இதற்கு இன்னொரு மகனே சாட்சி. 1732-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த ஜான், 28 வயதில், அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது பணமோ பொருளோ அல்ல. முன்பு எனக்காக ஒதுக்கிய வியாழக்கிழமை மாலையில் கொஞ்சத்தை இப்போதும் எனக்காகத் தரமுடியுமா என்றுதான் கேட்டார்.

பெரிய மாற்றங்களுக்கு நாம் தேதி தேடுகிறோம். தாய்மார்களின் மாற்றத்துக்குப் பெரும்பாலும் தேதி கிடையாது, கிழமைதான் உண்டு என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?