மாட்டுக்குப் பல், வண்டிக்குத் தேதி

தேக்கா உணவங்காடியில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் இருந்த வண்டிப் படத்தைக் காட்டி, "ஹைபிரிட் அண்ணே, லிட்டருக்கு இருபது குடுக்குமாம்" என்றேன். எதிரில் இருந்தவர் முப்பது வருஷமாகப் பழைய கார் வாங்கி விற்கும் தரகர். படத்தை அவர் பார்க்கவே இல்லை.

"அது கெடக்கட்டும் தம்பி. தேதி என்ன?"

வண்டி தயாரான வருஷத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அது எப்போது சாகும் என்று கேட்டிருக்கிறார்.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் பழைய கார் வாங்கப் போனால் முதல் கேள்வி, "என்ன மைலேஜ் குடுக்குது?" அடுத்தது, "எத்தன கை மாறுச்சு?" அந்தப் பழக்கத்தோடுதான் நானும் தேட ஆரம்பித்தேன். எனக்கு வீடு ஹவ்காங்கில், வேலை துவாஸில். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, போக 40 கிலோமீட்டர். ஷிப்டு காலை 6 மணிக்கு. முதல் ரயிலைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இத்தனை நாள் ஏற்றிக்கொண்டு போன கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வண்டி இல்லையென்றால் ஷிப்டு இல்லை, ஷிப்டு இல்லையென்றால் படிக்காசு இல்லை. ஊரில் தம்பியின் கல்லூரிக் கட்டணம் அந்தப் படிக்காசில்தான் நடக்கிறது.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவம். கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். பக்கத்துத் தெருக்கள் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று அந்த ஞாபகத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. சிராங்கூன் சாலையில் மாட்டு வியாபாரம் கொழித்த நாளில், நகரத்தின் சுமையை இழுத்தது மாட்டு வண்டிதான். சைனாடவுன் பகுதிக்கு வழங்கும் கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கே தண்ணீர் வண்டி என்றுதான் அர்த்தம். அன்றைக்கு இங்கே மாடு வாங்க வந்தவர், மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருப்பார். பல்தான் வயசைச் சொல்லும். தரகர் கேட்ட தேதி, இந்த ஊர்க் காரின் பல்.

அந்தப் பல் முளைத்த கதையை 1970களிலிருந்து சொல்ல வேண்டும். சின்னத் தீவு, கையில் காசு சேரச் சேர கார் பெருகும் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. முதலில் கூடுதல் பதிவுக் கட்டணம் வந்தது. 1975இல் அதோடு ஒரு சலுகையும் சேர்ந்தது: பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குபவருக்குக் கட்டணம் குறைவு. பழையதை ஓட்டித் தேய்ப்பவரைவிட, காலத்தில் கைவிடுபவருக்கே லாபம் என்ற எண்ணத்தின் தொடக்கம் அது.

அதே 1975, ஜூன் 2ஆம் தேதி, நகர மையத்துக்குள் காலை நெரிசல் நேரத்தில் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி உரிமம் வாங்க வேண்டும் என்றார்கள். உலகத்திலேயே இப்படி ஒன்று நடைமுறைக்கு வந்தது அதுதான் முதல்முறை. லண்டன் இதற்கு வந்துசேர 2003 ஆயிற்று. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. காருக்குள் நாலு பேர் இருந்தால் உரிமம் வேண்டாம். ஆள் சேர்ப்பதற்காகப் பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தி, முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. வண்டியை எண்ணாமல் மனிதர்களை எண்ணிய விதி அது. 1989இல் அதை எடுத்துவிட்டார்கள். 1998இல் மின்னியல் வளைவுகள் வந்தபோது, உள்ளே எத்தனை பேர் என்று அவை கேட்கவில்லை.

1990 மே மாதம் வந்ததுதான் சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழ். கார் வாங்குமுன் கார் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். உரிமைக்கு ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்தால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பதிவை ரத்து செய்ய வேண்டும், அல்லது மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2002 முதல் ஏலம் மாதம் இரண்டு முறை, எல்லோரும் பார்க்கும்படி நடக்கிறது. தோற்றவர்களில் அதிகம் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளி சேர்த்தால், அதுவே ஜெயித்த எல்லோருக்கும் விலை.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பதற்கு இரண்டு தேதிகள் போதும். 2008 நவம்பரில், உலகப் பணநெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, சிறிய கார்களின் சிஓஇ 2 வெள்ளிக்கு விழுந்தது. 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளி. முதலாமவர் பத்து வருஷத்துக்குக் கொடுத்தது, இந்த மேசையில் இருக்கும் தேத்தண்ணிக்குக்கூடக் காணுமா என்பது சந்தேகம். இரண்டாமவருக்கு, எஞ்சினைத் திருகுவதற்கு முன்பே, வண்டி சும்மா நிற்கிற நாளுக்கும் 29 வெள்ளி.

தரகர் ஒரு டிஷ்யூ தாளை எடுத்து என் ஹைபிரிட் கனவுக்குக் கணக்குப் போட்டார். மாதம் 22 நாள், நாளுக்கு 80 கிலோமீட்டர், மொத்தம் 1,760. லிட்டருக்கு 16 கொடுக்கும் சாதாரண வண்டிக்கு 110 லிட்டர். 20 கொடுக்கும் ஹைபிரிட்டுக்கு 88. மிச்சம் 22 லிட்டர், சுமார் 60 வெள்ளி. வருஷத்துக்கு 700 சொச்சம். "ஆனா அந்த வண்டியோட டிப்ரிசியேஷன் வருஷத்துக்கு மூவாயிரம் கூட. பெட்ரோல்ல மிச்சம் புடிச்சு பேப்பர்ல கொட்டுவியா?"

அரசு பெட்ரோலை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2021இல் 95 ரக பெட்ரோலுக்கான வரியை லிட்டருக்கு 66 காசாக உயர்த்தியது. ஜொகூர் பாருவில் மலிவாக நிரப்பிக்கொண்டு வரலாமென்றால், 1989இல் அரை டேங்க், 1991 முதல் முக்கால் டேங்க் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஆனால் இந்த ஊர் உண்மையில் விலை போட்டிருப்பது எண்ணெய்க்கு அல்ல, இடத்துக்கும் காலத்துக்கும். நிலத்தில் சுமார் 12 விழுக்காடு ஏற்கெனவே சாலை. சிஓஇ தொடங்கியபோது 1,000 சிசிக்கு உட்பட்ட குட்டிக் கார்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 1999இல் அதை 1,600 சிசி வரையான கார்களோடு சேர்த்துவிட்டார்கள். குட்டி வண்டியும் நடுத்தர வண்டியும் ஒரே விலைக்கு மோதினால், வாங்குபவர் எதற்காகக் குட்டியை எடுப்பார்? சிக்கனமான வண்டிகள் தெருவில் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சிவப்பு எண் பலகை வண்டியையும் யோசித்தேன். 1991இல் வார இறுதிக் கார் என்று தொடங்கி, 1994இல் உச்சமற்ற நேரக் கார் என்று மாறிய திட்டம். விலை குறைவு. வேலை நாளில் காலை 7 முதல் மாலை 7 வரை ஓட்டக் கூடாது. எனக்குப் போகும்போது பிரச்சினையே இல்லை, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன். மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்தால் வண்டியை துவாஸிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் நாள் உரிமத்துக்கு 20 வெள்ளி. "போறதுக்கு மட்டும் காரு, வர்றதுக்கு நடையா?" என்று அண்ணன் சிரித்தார்.

கடைசியில் எடுத்தது, பத்து வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்த 1,500 சிசி ஜப்பான் வண்டி. தேதியில் மிச்சம் 40 மாதம், விலை 30,000 வெள்ளி. மாதம் 750. ஐந்து வருஷப் புதுப்பிப்பை இன்னொரு முறை நீட்டிக்க முடியாது. கழிக்கும்போது பதிவுக் கட்டணத்திலிருந்து திரும்பி வருவது எதுவும் இல்லை. பத்து வயது தாண்டியதால் சாலை வரியும் கூடுதல், வருஷத்துக்கு 10 விழுக்காடாக ஏறி 50 வரை போகும். இது எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். எஞ்சின், கியர், அடிப்பாகம் மூன்றையும் வெளி மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு. 40 மாதத்தில் தம்பி படிப்பு முடிந்துவிடும்.

தனியாக என்றால் இந்த 750கூட முட்டாள்தனம்தான். செங்காங்கிலிருந்து ஒருவர், ஈசூனிலிருந்து ஒருவர் என்னோடு வருகிறார்கள். 2015 முதல் தனியார் காரில் ஆள் ஏற்றி, ஆன செலவுக்கு மேற்படாமல், நாளுக்கு இரண்டு பயணம் வரை காசு வாங்கிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. பெட்ரோல் மூன்று பங்காகிவிட்டது. லிட்டருக்கு 16 கொடுக்கும் வண்டி, ஆளுக்கு 48 கொடுக்கிறது. எந்த ஹைபிரிட்டும் தராத மைலேஜ்.

விடியுமுன் விரைவுச்சாலையில் போகும்போது பக்கத்து வண்டிகளைப் பார்ப்பேன். பெரும்பாலும் ஓட்டுநர் மட்டும்தான். 1975இன் அந்த விதி இன்று இருந்தால் நாங்கள் மூன்று பேர், இன்னும் ஒருவர் குறைவு. பின்சீட்டில் இடம் இருக்கிறது.