அச்சுதராயர் அவையில் திருமலாம்பா

1509ஆம் ஆண்டில் இரு வேந்தர்கள் அரியணை ஏறினர். இங்கிலாந்தில் ட்யூடர் குலத்து எட்டாம் ஹென்றி; விஜயநகரத்தில் துளுவ குலத்துக் கிருஷ்ணதேவராயர். ஹென்றியின் அரசி கேத்தரினுக்குப் பணிப்பெண்ணாயிருந்து பின் தானே அரசியான ஆன் பொலினின் கதையை உலகம் அறியும். அதே காலத்தில் நம் மண்ணின் பேரரசவையில் வாழ்ந்த பெண்டிரை நாமே அறியவில்லை. அவர்களுள் தலையாயவர், கிருஷ்ணதேவராயருக்குப் பின் ஆண்ட அவர் தம்பி அச்சுததேவராயரின் அவையை அணிசெய்த ஓதுவ திருமலாம்பா.

அவரை அறியுமுன் திருமலைக்குச் செல்ல வேண்டும். வேங்கடவன் கோயிலின் பெருவாயிலான மகாதுவாரத்தைக் கடந்ததும் உள்ள பிரதிமா மண்டபத்தில், உயர்ந்த கூம்புக் குல்லாயுடன் கிருஷ்ணதேவராயர் கைகூப்பி நிற்கிறார். இருபுறமும் அவர் தேவியர் திருமலைதேவியும் சின்னாதேவியும் அவ்வாறே கூப்பிய கரங்களுடன் நிற்கிறார்கள். 1517இல் நிறுவப்பட்ட உலோகப் படிமங்கள் இவை. அதே மண்டபத்தில் அச்சுதராயருக்கும் அவர் தேவி வரதாம்பிகைக்கும் கற்சிலைகள் உள்ளன. இந்த அரசியர் கணவருடன் வந்து கும்பிட்டுப் போனவர்கள் மட்டும் அல்லர். 1513இல் கிருஷ்ணதேவராயர் முதன்முறை மலையேறியபோது, அவர் தேவியர் இருவரும் பெருமாளுக்குப் பாலமுது படைக்கப் பொற்கிண்ணம் அளித்தனர். மறு ஆண்டு, உதயகிரிக் கோட்டையை வென்ற பின், அணிகலன்களோடு ஊர்களையும் தத்தம் பெயரிலேயே கொடையாகத் தந்தனர். கொடையாளராக அவர்கள் பெயரைக் கல்வெட்டுகள் தனித்தே பொறித்திருக்கின்றன. திருமலைக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருப்பதால், இந்தச் செய்திகளைக் காத்து வைத்த பெருமை நம் மொழிக்கும் உண்டு.

அரசியருக்கு அடுத்த நிலையில் இருந்த அரண்மனைப் பெண்கள் என்ன செய்தார்கள்? அச்சுதராயர் காலத்தில் விஜயநகரில் இருந்த போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் நூனிஸ் இதற்கு விடை தருகிறார். கோட்டை வாயிலுக்குள் ஆகும் செலவுக்கெல்லாம் கணக்கெழுதியவர்கள் பெண்கள். நாட்டு நடப்பைப் பதிவு செய்த பெண்களும் இருந்தனர். தம் ஏட்டை வெளியே இருந்த எழுத்தர்களின் ஏட்டோடு அவர்கள் ஒத்துப் பார்த்தார்கள். சோதிடம் வல்லாரும் இசைவாணரும் மல்வித்தை பயின்றோரும் அவர்களிடையே இருந்தனர். அந்தப்புரம் என்றதும் நம் மனத்தில் எழும் ஆடல்பாடல் சித்திரத்திற்கு இது எவ்வளவு தொலைவு! எழுத்தும் கணக்கும் அங்கே பெண்கள் கையில் இருந்தன.

இத்தகைய சூழலில்தான் திருமலாம்பாவின் புலமை ஒளிர்ந்தது. ஓதுவதே அவர் அவைப்பணி. ஹம்பி விட்டலர் கோயிலில் அச்சுதராயர் 1533இல் செய்த சுவர்ணமேரு என்னும் பொன்மலைத் தானத்தைப் புகழும் வடமொழிச் செய்யுள் அவர் இயற்றியது. அது கல்லிலும் ஏறியது. பேரரசின் அரசுமுறைக் கொடையைப் பாடும் பொறுப்பு ஒரு பெண்ணுக்கு வாய்த்ததே அவருடைய தகுதிக்குச் சான்று.

அவருடைய பெரும்படைப்பு, உரைநடையும் செய்யுளும் விரவிய ‘வரதாம்பிகா பரிணய சம்பு’. அச்சுதரின் தந்தை நரச நாயக்கர் சோழநாடு, மதுரை என்று தென்திசை நோக்கி நடத்திய படையெடுப்பில் தொடங்கி, அச்சுதர் முடிசூடியதையும், சலகர் குலத்து வரதாம்பிகையை மணந்ததையும், மகன் சின்ன வேங்கடாத்திரி இளவரசுப் பட்டம் பெற்றதையும் பாடுகிறது. நீண்ட தொகைச் சொற்களை அநாயாசமாகக் கையாளும் நடை அவருடையது. அரசனைப் பாடிய நூல் என்பதால் புகழ்ச்சி மிகுதிதான். ஆனாலும் துளுவ குல வரலாற்றை எழுத வந்தோர் அதை ஒதுக்கவில்லை. விஜயநகர வரலாற்றுக்கான மூலங்களை 1919இல் தொகுத்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், இந்நூலுக்கும் அதில் இடம் தந்தார். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் காத்த சுவடியிலிருந்து, லட்சுமண் ஸ்வரூப் பதிப்பில், அது லாகூரில் அச்சேறியது.

திருப்பதி, சித்தூர் மாவட்டத்தாருக்கு இந்த வரலாறு இன்னும் நெருக்கமானது. அரியணை ஏறுமுன் அச்சுதர் சந்திரகிரிக் கோட்டையில்தான் காவலில் இருந்தார். வேங்கடவன் மீது அவர் கொண்ட பற்று மகனின் பெயரிலேயே விளங்கும். அந்த மகனின் முடிவோ கொடியது. 1542இல் அச்சுதர் மறைந்தபின், தாய்மாமன் சலகராஜு திருமலனே இளம் வேங்கடாத்திரியைக் கொன்றான். திருமலாம்பா மங்கலமாக முடித்த கதையின் பின்பாதி இது. ஹென்றியின் அவையில் ஆன் பொலின் தலை இழந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசவைப் பெண்களின் வாழ்வு எங்கும் அதிகாரத்தின் அருகே அமைந்தது. அதன் ஆபத்தையும் அது சுமந்தது.

திருமலாம்பாவின் பிறப்பும் இறப்பும் தெளிவில்லாமல் போகலாம். அவர் எழுத்து நம் கையில் இருக்கிறது. அதற்கு நல்ல தமிழாக்கம் ஒன்று வேண்டும். விஜயநகர வரலாறு கற்பிக்கும் வகுப்பறைகளில் கிருஷ்ணதேவராயரோடு அவர் பெயரும் ஒலிக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் திருப்பதி, சித்தூர்ச் சீமையின் அறிஞர்கள் இப்பணியில் முன்நிற்க உரிமை உடையவர்கள். கடமையும் அவர்களுடையதே.